தொழிலாளர் உயிர் காக்கச் சட்டம் கண்ட அண்ணல்

அண்ணல் அம்பேத்கர் அவர்களை அரசியல் சட்டம் வகுத்த மேதையாக நாம் போற்றுகின்றோம். ஆனால் 1942 ஜூலை முதல் 1946 ஜூன் வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்று அவர் ஆற்றிய பணியை நம் இளைஞர் பலர் அறியார். தோட்டத்திற்கும் ஆலைக்கும் வேலைக்குச் செல்லும் பழனிமலை மக்களுக்கு அந்நான்கு ஆண்டுகளே மிக நெருக்கமானவை.

அவர் 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில் சுபேதார் இராம்ஜியின் மகனாகப் பிறந்தார். பம்பாயில் பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் நடுவே வாழ்ந்தார். அந்நகரத்துத் துணியாலைகளில் கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் நம்மவர்க்கு இடமில்லை. தார் மாற்றும்போது ஊடை நூலை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டத்தகாதவர் வாய் பட்ட நாடாவைப் பிறர் தொடமாட்டார்களாம்! நோய் பரப்பும் வழக்கம் என்று மேலைநாடுகள் கண்டித்த ஒன்றில், இங்கே நோயைக் காணாமல் தீட்டை மட்டும் கண்டனர். 1928 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது இத்தடையை நீக்குமாறு அண்ணல் வற்புறுத்தினார். 1936 இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார்.

பதவியேற்றபின் அவர் கோப்புகளோடு நின்றுவிடவில்லை. 1943 டிசம்பரில் தன்பாத் பகுதி நிலக்கரிச் சுரங்கத்துள் தாமே இறங்கி வேலையைப் பார்த்தார். போர்க்கால நிலக்கரித் தேவைக்காகப் பெண்களைச் சுரங்கத்தினடியில் வேலைக்கு விட்ட அரசு முடிவை அவர் சட்டசபையில் ஆதரித்துப் பேச நேர்ந்தது. இதனை மறைக்க வேண்டியதில்லை. அத்தடை 1946 பிப்ரவரியில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி 1944 இல் பிறந்தது. தொழிற்சாலைகளின் பாதுகாப்பு குறித்து அரசுக்கு வல்லுநர் துணை கிட்ட, தலைமை ஆலோசகர் அலுவலகம் 1945 இல் அமைந்தது. வாரத்திற்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலையை 48 மணியாகக் குறைக்கும் திருத்தம் 1946 இல் நிறைவேறியது. அதர்க்கர் 1944 இல் அளித்த நோய்க் காப்பீட்டு அறிக்கையே பின்னர் 1948 ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டத்திற்கு வித்தாயிற்று. அவ்வாண்டே தொழிற்சாலைகள் சட்டமும் வந்தது. அப்போது தொழிலாளர் துறை அமைச்சர் நம்மவரான ஜகஜீவன்ராம். அண்ணலோ சட்ட அமைச்சர்.

1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் தில்லியில் மறைந்தார்.

தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில், மருத்துவர் அரசுக்கு அறிவித்தே தீரவேண்டிய நோய்களுள் பாதரச நச்சும் ஒன்றாக இருந்தது. பாதரச ஆவிக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கோடைக்கானலில் 1980-களில் தொடங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் அப்பாதரசத்தையே நம் மலைமக்கள் கையாண்டனர். பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கண்டெடுக்கப்பட்டபின், 2001 மார்ச்சில் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் அத்தொழிற்சாலையை மூடியது. தொழிலாளர் நோய்க்குத் தொழிற்சாலை காரணமன்று என்றே நிறுவனம் கூறிவந்தது. சட்டத்தில் அந்நோயின் பெயர் 1948 முதலே இருந்தும், முன்னாள் தொழிலாளர் 591 பேர் நிறுவனத்தோடு உடன்பாடு காண 2016 மார்ச் வரை போராட வேண்டியதாயிற்று.