பாரிஸ் நகரத்துக் கிராணி

உங்கள் ஐ.சி.யைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். நேராகப் பார்க்கும் உங்கள் முகம் அதில் இருக்கிறதல்லவா? 1948-இல் அவசரகாலம் வந்தபோது நம் தோட்டத்துப் பெரியவர்களைப் படம் பிடித்து, பெருவிரல் ரேகை வாங்கித்தான் அடையாளக் கார்டு கொடுத்தார்கள். ஆளை அடையாளம் காணப் படம் எடுப்பதை ஓர் ஒழுங்குக்குக் கொண்டு வந்தவர், பாரிஸ் போலீசில் கிராணி வேலை பார்த்த அல்போன்ஸ் பெர்த்தியோன்.

1853-இல் பிறந்தார். தகப்பனார் பேர்பெற்ற மருத்துவர். பிள்ளையோ பள்ளிக்கூடங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்! (இன்று பரிசு கிடைக்காத பிள்ளைகள் இதைக் கவனிக்கவும்.) 1879-இல் அப்பாவின் சிபாரிசில்தான் போலீஸ் அலுவலகத்தில் எழுத்து வேலை கிடைத்தது. கைதிகளின் அங்க அடையாளங்களைப் பார்த்து எழுதும் வேலை. உயரம் சாதாரணம், முகம் சாதாரணம் என்றே எல்லாக் கார்டிலும் இருக்கும். படங்களோ மூட்டை மூட்டையாகக் கிடந்தன. பிடிபட்டவன் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டால் அவ்வளவுதான், பழைய குற்றமெல்லாம் மறைந்து போகும்.

வளர்ந்த மனிதனின் எலும்பு மாறாது என்று பெர்த்தியோன் யோசித்தார். தலை, பாதம், நடுவிரல் என்று 11 அளவுகள் எடுத்து, அந்த அளவுப்படியே கார்டுகளை அடுக்கினார். மேலதிகாரி இதைக் கிறுக்குத்தனம் என்று தள்ளிவிட்டார். அடுத்து வந்தவர் 1882 கடைசியில் மூன்று மாதத் தவணை கொடுத்தார். தவணை முடிவதற்குள், 1883 பிப்ரவரியில், பெயர் மாற்றிய ஒருவன் அகப்பட்டான். பிறகு கைதிகளின் படத்துக்கும் விதி செய்தார். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. எல்லாருக்கும் ஒரே தூரம்.

இனி, குற்றம் நடந்த இடத்துக்கு வருவோம். நம் லூமுட்டுக்கு எதிரே தெரிகிற பங்கோர் தீவில் 1878-இல் டிண்டிங்ஸ் அதிகாரி கேப்டன் லாயிட் தம் வீட்டிலேயே இரவில் கொல்லப்பட்டார். மறு வருடம் இந்தப் பக்கம் வந்த இசபெல்லா பேர்ட் அம்மையார் அதைக் கேட்டுத் தம் புத்தகத்தில் எழுதினார். அந்தக் காலத்தில் கொலை என்றால் பார்த்தவர் வாய்ச்சொல்தான் பெரிய சாட்சி. ஊர் ஜனம் கூடி மிதிக்கும். யாரோ நாற்காலியை நிமிர்த்தி வைப்பார்கள். தரையைக் கழுவியும் விடுவார்கள். அப்புறம் கோர்ட்டில் எதைக் காட்டுவது?

பெர்த்தியோன் உயரமான முக்காலியில் கேமராவை ஏற்றி, கீழே கிடக்கும் உடலை நேர் மேலிருந்து படம் எடுத்தார். அறையையும் எடுத்தார். படத்தை, ஓரங்களில் அளவுகோல் அச்சிட்ட அட்டையில் ஒட்டினார். கட்டிலுக்கும் கத்திக்கும் எத்தனை தூரம் என்று அந்த அட்டையை வைத்தே பிறகு கணக்கிடலாம். 1902-இல் பாரிசில் நடந்த ஒரு கொலையில், உடைந்த கண்ணாடியில் பதிந்திருந்த விரல் ரேகைகளைப் படமெடுத்துப் பழைய கார்டுகளோடு ஒப்பிட்டு, ஷெஃபர் என்பவனைக் கண்டுபிடித்தார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ரேகையையே அவர் பெரிதாக மதிக்கவில்லை. கல்கத்தாவில் அஜிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் ஆகியோர் ரேகைகளை வகைப்படுத்த உதவி, 1897-இல் அங்கே ரேகைக் கூடமே வந்துவிட்டது. இவரோ உடல் அளவை விடவில்லை. 1911-இல் மோனாலிசா ஓவியம் திருடு போனது. கள்வனின் கார்டு இவர் அலுவலகத்திலேயே இருந்தும், ரேகையை வைத்துத் தேட வழியில்லாமல் போயிற்று.

அதைவிடப் பெரிய தவறு 1894-இல் நடந்தது. டிரைஃபஸ் என்ற ராணுவ அதிகாரி மீது உளவுக் குற்றம். பெர்த்தியோனுக்குக் கையெழுத்து ஆராய்ச்சி தொழிலல்ல. இருந்தும் அந்தக் கடிதம் டிரைஃபஸ் எழுதியதுதான் என்று அடித்துச் சொன்னார். கையெழுத்து ஒத்துப் போகாத இடங்களில், அவரே வேண்டுமென்று மாற்றி எழுதினார் என்றார்! ஒத்தாலும் குற்றவாளி, ஒவ்வாவிட்டாலும் குற்றவாளி. இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்கள். நிரபராதி சாத்தான் தீவில் நான்கு வருடத்துக்கு மேல் கிடந்தார். பெர்த்தியோனின் கணக்கு தப்பு என்று 1904-இல் கணித மேதைகள் காட்டினார்கள். 1906-இல் டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று.

பெர்த்தியோன் 1914 பிப்ரவரியில் காலமானார். அவருடைய உடல் அளவு முறையை உலகம் கைவிட்டது. படம் நின்றது. இன்றும் போலீசார் ஒரு காலடித் தடத்தைப் படமெடுக்கும்போது பக்கத்தில் சிறிய அளவுகோல் ஒன்றை வைக்கிறார்கள்.