ஸ்ரீ செல்வநாயகமும் பிரஜாவுரிமையும்

காங்கேயத்தின் அரிசி ஆலைகளிலும் தேங்காய் உலர்களங்களிலும், திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் வேலை தேடி வருகிறவனிடம் இன்று முதலில் கேட்கப்படுவது, உனக்கு என்ன வேலை தெரியும் என்பதன்று. ஆதார் அட்டை எங்கே என்பதே. எல்லை தாண்டி வந்த வங்கதேசத்தார் சிலர் பொய் அட்டைகளுடன் நம் ஜில்லாவில் பிடிபட்ட பின்னர் இக்கேள்வி இன்னும் கடுமையாகியிருக்கிறது. தேசத்தின் எல்லையைக் காப்பதும், உள்ளே வருவோர் யார் என்று அறிவதும் சர்க்காரின் கடமை. இதில் நமக்கு அபிப்பிராய பேதமில்லை. ஆயினும், கள்ளத்தனமாய்க் குடிபுகுந்தவன் என்ற பட்டத்தை யாருக்குச் சூட்டுவது, சூட்டப்பட்டவனுக்கு அதினின்றும் விடுபட என்றேனும் ஒரு வழி உண்டா என்பவை வேறு கேள்விகள். இக்கேள்விகளுக்காகத் தம் ராஜீய வாழ்வையே பணயம் வைத்த தமிழர் ஒருவர் இருந்தார். அவர்தாம் இலங்கைத் தமிழ் மக்கள் தந்தை செல்வா என்று அழைத்த ஸ்ரீ எஸ். ஜே. வி. செல்வநாயகம். அவருடைய சரித்திரத்தை வாசகர்கள் இச்சமயத்தில் நினைவுகூர்வது நலம் என்று கருதுகிறோம்.

ஸ்ரீ செல்வநாயகம் 1898-ம் வருஷம் மார்ச்சு மாதம் 31-ந் தேதி பிறந்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணமன்று. மலாய் நாட்டிலுள்ள ஈப்போ நகரம். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்ற வாலிபர்கள் பிழைப்பின் நிமித்தம் மலாய் நாட்டிற்குக் கப்பலேறுவது வழக்கம். அவருடைய தந்தையார் வேலுப்பிள்ளையும் அவ்வாறு சென்றவரே. பிள்ளைக்கு நாலு வயதானபோது தாயார் குழந்தைகளை அழைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்குத் திரும்பினார். கடல் கடந்து பிறந்த இக்குழந்தை பின்னாளில் பிறப்பையும் பிரஜாவுரிமையையும் பற்றிய போராட்டத்திற்குத் தலைவராயிற்று என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

தெல்லிப்பழையிலும் யாழ்ப்பாணத்துச் சென்ட் ஜான்ஸ் கல்லூரியிலும், பின்னர் சென்ட் தாமஸ் கல்லூரியிலும் படித்து, லண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டத்தை இலங்கையிலிருந்தே பெற்றார். சில காலம் உபாத்தியாயராயிருந்து, அப்பால் சட்டம் பயின்று வக்கீலானார். சிவில் வழக்குகளில் அவருக்கு நிகரானவர் கொழும்பில் சிலரே என்று பெயரெடுத்தார். மேடையில் முழங்கும் குரல் அவருக்கு இல்லை. மெலிந்த தேகம், மெல்லிய பேச்சு. பிற்காலத்தில் நடுக்குவாதம் அவரைப் பீடித்தது. மதத்தால் கிறிஸ்தவர்; அவரைத் தலைவராய்க் கொண்டவர்களிற் பெரும்பாலோர் ஹிந்துக்கள். இவ்வித பேதங்கள் யாருக்கும் ஒரு பொருட்டாய்த் தோன்றவில்லை.

1947-ம் வருஷத்துப் பொதுத் தேர்தலில், தமிழ்க் காங்கிரஸின் சார்பாகக் காங்கேசன்துறைத் தொகுதியினின்றும் அவர் பார்லிமெண்டுக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. நல்ல வருமானம், நல்ல மதிப்பு, கலகமில்லாத வாழ்வு. அவ்விடத்திலேயே நின்றிருந்தால் மந்திரி பதவியும் தேடி வந்திருக்கக் கூடும். மறு வருஷமே அந்த நிம்மதி போயிற்று. காரணம், அவருடைய ஜில்லாவாசிகள் அல்லாத, அவருக்கு ஒரு வோட்டும் அளிக்க முடியாத மலையகத் தோட்டத் தொழிலாளிகள்.

இத்தொழிலாளிகள் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெள்ளைக்காரத் துரைமார் கண்டிச் சீமையின் காடுகளை அழித்துக் காப்பி பயிரிடத் தொடங்கிய காலமுதல், திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டவர்கள். காப்பி நோயால் அழிந்து தேயிலை வந்த பின்பும் இந்த ஓட்டம் நிற்கவில்லை. திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் காரியாலயமே இருந்தது. மண்டபத்திலுள்ள முகாமில் வைத்தியப் பரிசோதனை நடந்தது. இராமேசுவரம் தீவினின்றும் தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிற்று. சர்க்காருக்குத் தெரிந்து, சர்க்கார் அனுமதித்து, சர்க்கார் எண்ணிக் கணக்கெழுதிச் சென்ற ஜனங்கள் இவர்கள். 1946-ம் வருஷத்து ஜனக் கணக்கில் இலங்கையிலிருந்த இந்தியத் தமிழர் தொகை 7,80,000 ஆகும். தீவின் ஏற்றுமதிச் செல்வத்தில் பெரும் பகுதி இவர்கள் கொய்த கொழுந்தினால் வந்தது. ஆயினும் இவர்களைச் சுட்டுவதற்கு ஒரு சொல் தீவில் நடமாடிற்று. கள்ளத்தோணி என்பது அச்சொல்.

கள்ளத்தோணியில் வந்தவர் எவரும் இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. 1939-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இந்திய சர்க்கார் தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்த பிறகு, தோணியேறிச் சென்றவர் உண்டு. அவர்களைத் தடுக்க இலங்கைப் பட்டாளம் கடற்கரையில் காவலிருந்ததும் உண்மை. ஆனால் சிலரைப் பற்றிய அச்சொல், அத்தனை லட்சம் பேர் மீதும் பூசப்பட்டது. அப்பன் பாட்டன் காலத்திலேயே பரிசோதனையும் பதிவும் முடிந்து வந்த குடும்பமும் கள்ளத்தோணி ஆயிற்று. வசைச்சொல் முந்தி வந்தது. சட்டம் பின்னால் வந்தது.

1948-ம் வருஷம் பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பார்லிமெண்டுக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15-ந் தேதி அமுலாயிற்று. இலங்கையில் பிறந்தவனே ஆயினும், அவன் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அன்றி, இலங்கைக்கு வெளியே பிறந்தவனாயினும், தந்தையும் பாட்டனும் இலங்கையில் பிறந்திருந்தால் அவன் பிரஜை. ஷரத்துகளைப் படித்துப் பழகிய நம்மைப் போன்ற வக்கீல்களுக்கு இச்சட்டத்தின் சூட்சுமம் உடனே விளங்கும். ஈப்போவில் பிறந்த செல்வநாயகம் இச்சட்டப்படி பிரஜை. ஹட்டனில் பிறந்து, ஹட்டனிலேயே கொழுந்து கிள்ளி, வேறு ஊரே அறியாத தொழிலாளி, தந்தை இந்தியாவில் பிறந்த ஒரே காரணத்தால் அந்நியன். தந்தை இலங்கையிலேயே பிறந்திருந்தாலும், லயத்து அறைகளில் பிறந்த அக்காலத்துக் குழந்தைகளின் பிறப்பைப் பதிந்த ஏடு எங்கே? ஏடில்லாதவனிடம் ஏடு கேட்பது வழக்கைத் தீர்ப்பதன்று. தீர்ப்பை முன்னரே எழுதி வைப்பது.

தம்மைத் தொடாத இச்சட்டத்தை ஸ்ரீ செல்வநாயகம் எதிர்த்தார். இன்று இந்தியத் தமிழருக்கு மறுக்கப்படும் நியாயம் நாளை பாஷை விஷயத்தில் இலங்கைத் தமிழருக்கும் மறுக்கப்படும் என்று அவர் எச்சரித்தார். மசோதாவை எதிர்த்து வோட்டளித்த தமிழ்க் காங்கிரஸின் தலைவர் ஸ்ரீ ஜி. ஜி. பொன்னம்பலம், செப்டம்பர் மாதத்தில் ஸ்ரீ டி. எஸ். சேனநாயகாவின் மந்திரி சபையில் சேர்ந்தார். சர்க்காருக்குள் இருந்து தமிழருக்குக் கிடைப்பதைப் பெறுவதே புத்திசாலித்தனம் என்பது அவர் கட்சி. அதற்கும் ஒரு நியாயம் இல்லாமலில்லை; அன்று யாழ்ப்பாணத்தில் பலர் அதையே ஒப்புக்கொண்டனர். ஸ்ரீ செல்வநாயகம் ஒப்பவில்லை. ஏழு லட்சம் பேரை நாடற்றவராக்கிய சர்க்காரோடு கூடியிருந்து பெறும் எதுவும் நிலைக்காது என்று அவர் கண்டார். ஸ்ரீ வன்னியசிங்கமும் டாக்டர் நாகநாதனும் அவருடன் நின்றனர். 1949-ம் வருஷம் டிசம்பர் 18-ந் தேதி கொழும்பு மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது.

இதற்கிடையில் வேறு இரு சட்டங்கள் வந்தன. 1949-ம் வருஷத்துத் தேர்தல் திருத்தச் சட்டத்தால், பிரஜைகளல்லாதார் வோட்டுரிமை இழந்தனர். அவ்வருஷத்து இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறப்பதாய்ச் சொல்லிற்று. 1946-ம் வருஷம் ஜனவரி முதல் தேதிக்கு முன் விவாகமானவர் 7 வருஷமும், ஆகாதவர் 10 வருஷமும் இடைவிடாது இலங்கையில் வசித்ததை ரூபிக்க வேண்டும். போதிய வருமானத்தையும் ரூபிக்க வேண்டும். மனுச் செய்ய 2 வருஷமே தவணை. தாய் தந்தையரைப் பார்க்கவோ, குலதெய்வத்திற்குப் பொங்கலிடவோ ஊருக்கு வந்து போன பிரயாணங்களும் இடைவிடாத வாசத்தைச் சந்தேகிக்க இடந்தந்தன. சுமார் 8 லட்சம் பேருக்காக மனுக்கள் குவிந்தன. அங்கீகாரம் பெற்றவர் சுமார் 1,34,000 பேர். பிரிவி கௌன்ஸில் வரை வழக்குச் சென்றது. தன் பிரஜைகள் யார் என்று நிர்ணயிப்பது எந்நாட்டிற்கும் உள்ள அதிகாரம் என்று 1953-ல் தீர்ப்பாயிற்று. சட்டப்படி அத்தீர்ப்புக்குக் காரணம் சொல்லலாம்; தர்மத்திற்கு என்ன சொல்வது?

ஸ்ரீ செல்வநாயகம் இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. 1952-ம் வருஷத் தேர்தலில் சொந்தத் தொகுதியான காங்கேசன்துறையிலேயே தோற்றார். யாருக்காகக் கட்சியைப் பிரிந்தாரோ அவர்களுக்கு அத்தேர்தலில் வோட்டில்லை. வோட்டுள்ள யாழ்ப்பாணத்தாருக்கோ மலையகத்தாரின் துயரம் தம் துயரமாய் இன்னும் தோன்றவில்லை. நான்கு வருஷங்களில் அவர் எச்சரித்தபடியே ஆயிற்று. 1956-ம் வருஷத் தேர்தலில் சிங்களம் மட்டுமே ராஜ பாஷை என்ற கோஷம் எழுந்து, தேர்தலுக்குப் பின் அதுவே சட்டமாயிற்று. மலைநாட்டானின் வீட்டில் பற்றிய தீ தம் கூரைக்கும் வந்ததை யாழ்ப்பாணத்தார் கண்டனர். அத்தேர்தலில் அவரை வெற்றியோடு அனுப்பினர்.

வெற்றி பெற்ற பிறகும் அவர் மலையகத்தாரை மறக்கவில்லை. 1956-ம் வருஷத்துத் திருகோணமலை மகாநாட்டில் அவருடைய கட்சி முன்வைத்த கோரிக்கைகளில், பிரஜாவுரிமைச் சட்டங்களை நீக்குவதும் ஒன்று. 1957-ம் வருஷம் ஜூலையில் பிரதம மந்திரி ஸ்ரீ பண்டாரநாயகாவோடு செய்த ஒப்பந்தத்திலும் அவ்விஷயத்தை எழுப்பினார். விரைவில் ஆலோசிப்பதாய் வாக்குறுதியும் கிடைத்தது. மறு ஏப்ரலில் அவ்வொப்பந்தமே பிக்ஷுக்களின் கிளர்ச்சிக்குமுன் கைவிடப்பட்டது.

1964-ம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி நம் பிரதமர் ஸ்ரீ லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமதி பண்டாரநாயகாவும் கையெழுத்திட்டனர். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் சரிபாதியாய்ப் பிரித்துக்கொண்டனர். பங்கிடப்பட்டவர்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாம் பார்த்தறியாத தாய்நாட்டிற்குத் திரும்பியவர்கள் என்ற பெயரோடு லட்சக்கணக்கானோர் மண்டபத்தில் வந்திறங்கினர். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் நம் மாகாணத்துக் கூட்டுறவு நூற்பாலைகளிலும் அவர்கள் வியர்வை சிந்தினர். இலங்கையில் இந்தியர் என்று இகழப்பட்டவர், இங்கே சிலோன்காரர் என்று அழைக்கப்பட்டனர்.

ஸ்ரீ செல்வநாயகம் 1977-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி காலமானார். தாம் எதிர்த்த சட்டம் முழுதும் நீங்கியதை அவர் காணவில்லை. 2003-ம் வருஷம் அக்டோபரில்தான் இலங்கைப் பார்லிமெண்டு, 1964 முதல் அங்கேயே வசித்த இந்திய வம்சாவளியாரும் அவர் சந்ததியாரும் ஒரு பிரகடனத்தால் பிரஜைகளாகலாம் என்று சட்டஞ்செய்தது. ஒரே நாளில் செய்திருக்கக்கூடிய நியாயத்திற்கு ஐம்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

இலங்கையைக் கண்டித்துவிட்டு இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். அது நமக்குச் சுலபம், ஆனால் யோக்கியமாகாது. இலங்கை கதவைத் திறந்த அதே 2003-ம் வருஷத்தின் டிசம்பரில், நம் பார்லிமெண்டு பிரஜாவுரிமைச் சட்டத்தைத் திருத்திற்று. முறையான பாஸ்போர்ட்டின்றி வந்தவன் சட்ட விரோதக் குடியேறி. அவன் பதிவினாலும் நீண்ட வாசத்தினாலும் பிரஜையாக முடியாது. அவனுக்கு இங்கே பிறக்கும் குழந்தையும் பிரஜையாகாது. 1983-ம் வருஷத்துக் கலவரத்திற்குப் பின் உயிர் பிழைக்கத் தோணியேறி இராமேசுவரம் வந்தவர்களுக்கு யார் பாஸ்போர்ட் கொடுத்தார்? நம் மாகாணத்து முகாம்களில் இன்னும் சுமார் 58,000 பேர் இருக்கின்றனர். காங்கேயத்திலிருந்து ஈரோடு போகும் வழியில் அறச்சலூரிலும் ஒரு முகாம் உண்டு. இவர்களில் மலையகத்தார் பலர். இரு சர்க்கார்களும் பங்கிட்ட அதே ஜனங்களின் பேரப்பிள்ளைகள். 2019-ம் வருஷத்துத் திருத்தம் மூன்று அண்டை நாட்டார்க்கு வழி திறந்தபோது, இலங்கையைச் சேர்க்கவில்லை. அவ்வருஷம் சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை, மலையகத்தாரின் மனுக்களைப் பரிசீலிக்குமாறு உத்தரவிட்டது. 2025-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார், 2015 ஜனவரி 9-ந் தேதிக்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைத் தண்டனையினின்றும் விலக்கிற்று. இது நல்லதே. ஆனால் தண்டிக்கப்படாதிருப்பது வேறு, பிரஜையாயிருப்பது வேறு. கள்ளத்தோணி என்று அங்கே வைத்த பெயரை, நாம் இங்கே சட்ட பாஷையில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம்.

ஸ்ரீ செல்வநாயகத்தின் வாழ்வு நமக்குக் கூறுவது இதுவே. எல்லையைக் காக்கும் உரிமை தேசத்திற்கு உண்டு. ஆனால் ஒருவன் உழைப்பைத் தலைமுறையாய் ஏற்றுக்கொண்ட தேசம், அவன் ஏறக்கூடிய ஒரு படியைக் கட்டிவைக்க வேண்டும். கிடைக்கக்கூடிய சாட்சியம், நியாயமான தவணை, இங்கே பிறந்த குழந்தைக்குப் பிறந்த மண்ணின் உரிமை: இவை மூன்றும் அப்படியின் கற்கள். தேசபக்தர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், அடுத்த முறை வோட்டுக் கேட்டு வருவோரிடம் அறச்சலூர் முகாமைப் பற்றி ஒரு கேள்வி கேட்போமாக. அம்முகாமிலுள்ளோர்க்கு வோட்டில்லை. ஆகையால் அவர்களுக்காகக் கேட்க வேண்டியவர்கள் நாமே. காங்கேசன்துறையில் அன்று தோற்ற மனிதர் செய்தது அதைத்தான்.