பாறைக்கு இடம் தந்த வீடு

நாகையிலிருந்து திருவாரூர் வரை நடந்தாலும் வீடு கட்டத்தக்க பாறை ஒன்று நம் காலில் இடறாது. களிமண்ணும் செங்கல்லும் ஓடும் பனையுமே காவிரிக் கழிமுகம் நமக்களித்த கட்டடப் பொருள்கள். அம்மண்ணில் பிறந்த வேளாங்கண்ணி அன்பர்கள், கல்லின் குணமறிந்து வீடமைத்த ஜெஃப்ரி பாவாவின் வாழ்வை அறிந்துகொள்வது பயனுடையது.

1919 ஜூலை 23 அன்று கொழும்பில் பிறந்த பாவா, கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் பயின்று, பின்னர் வழக்கறிஞரானார். அத்தொழிலில் மனம் ஒன்றவில்லை. 1948இல் பெந்தோட்டைக்கு அருகே கைவிடப்பட்ட ரப்பர்த் தோட்டம் ஒன்றை வாங்கினார். லுனுகங்கா எனப் பெயர் பெற்ற அதனைத் தம் கனவுத் தோட்டமாக்க முனைந்தபோதுதான் கட்டடக் கலையறிவின் குறையை உணர்ந்தார். லண்டன் சென்று மாணவராக அமர்ந்து, 1957இல், தம் முப்பத்தெட்டாம் வயதில், கட்டடக் கலைஞரானார்.

அறுபதுகளில் இலங்கையில் இறக்குமதிப் பொருள்கள் அரிதாயின. அவரோ உள்நாட்டு மரத்தையும் ஓட்டையும் கல்லையும் கொண்டு, நடுமுற்றத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். நிக்கவரெட்டியாவை அடுத்த பொலொன்தலாவ தென்னந்தோட்டத்தில் உல்ரிக் பிளெஸ்னருடன் இணைந்து அவர் அமைத்த இல்லத்தில், பெரும்பாறைகள் உடைக்கப்படவில்லை. சுவரும் கூரையும் அவற்றின்மேல் சார்ந்து நின்றன. அதே 1919இல் பிறந்த சேசர் மான்ரிக்கே, 1968இல் தம் ஸ்பானியத் தீவான லான்சரோட்டேயில் எரிமலைக் குழம்பு உறைந்த குமிழிகளுக்குள் வீடமைத்ததும் இதே உள்ளுணர்வின் விளைவே எனலாம்.

தமிழகத்திலும் பாவாவின் தடம் உண்டு. எழுபதுகளின் முற்பகுதியில் ஓர் ஆலை நிறுவனத்துக்காக மதுரையில் அவர் எழுப்பிய மன்றக் கட்டடத்துக்கு வட்டாரக் கல்லையே சுவராக்கினார். உள்ளூர்க் கல்தச்சர்களின் கைத்திறனை நம்பினார். அவருடன் நெடுங்காலம் பணியாற்றிய பங்காளியான பொறியாளர் பூலோகசுந்தரம் தமிழர் என்பதும் நாம் நினைக்கத்தக்கது.

ஆயினும் அவர் பணி எதிர்ப்பின்றி நடந்ததன்று. கண்டலம ஏரிக்கரையில் விடுதி எழுப்ப முற்பட்டபோது, ஏரி மாசுறும், தம்புள்ளையின் புனிதம் கெடும் என்று துறவிகளும் சூழல் ஆர்வலர்களும் போராடினர். அவ்வச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. 1994இல் திறக்கப்பட்ட அவ்விடுதி மலைச்சரிவை ஒட்டி நீண்டு கிடக்கிறது. கொடிகள் படர்ந்து அதனை மறைத்துவிட்டன. எனினும், இயற்கையோடு இசைந்த கட்டடமும் இயற்கையின் இடத்தையே எடுத்துக்கொள்கிறது என்ற வினா அங்கு எஞ்சி நிற்கிறது.

1998இல் பக்கவாதம் அவர் பேச்சைப் பறித்தது. 2003 மே 27 அன்று மறைந்தார், லுனுகங்காவிலேயே எரியூட்டப்பட்டார்.

நம் ஊர்களில் திண்ணையும் முற்றமும் இடிபட்டு, தொலைதூரத்து மெருகுக்கற்கள் தரையேறுகின்றன. பாவாவைப் போற்றுவோர் மதுரைக் கல்லைக் கழிமுகத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. நம் களிமண்ணுக்கு ஏற்ற வீடு எது, நம் பேச்சுக்கு ஏற்ற கவிதை எது என்று கேட்டுப் பார்த்தாலே போதும்.