டோனாவூர் அம்மா

நூற்றாண்டு மலருக்கு ஒரு பெண்மணியின் வரலாற்றை எழுதித் தரும்படி தோழியர் கேட்டபோது, தமது கல்லறையில் நினைவுக்கல்லே வேண்டாம் என்று சொல்லிச் சென்ற ஏமி கார்மைக்கேல் அம்மையார்தான் என் நினைவுக்கு வந்தார்.

1867 டிசெம்பர் 16இல் வட அயர்லாந்தின் மில்லைல் கிராமத்தில் பிறந்தார். பெல்ஃபாஸ்ட் நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்திலிருந்து திரும்பும் வழியில், சுமையோடு தள்ளாடிய ஏழை மூதாட்டிக்குத் தம்பிமாருடன் கைகொடுத்தார். நல்லுடை உடுத்த சபையார் பார்க்கிறார்களே என்று அவருக்கு முகம் சிவந்தது. அந்த வெட்கமே அவரை மாற்றியது. அன்று பிற்பகல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, நிலைத்திருப்பதைத் தவிர வேறெதுவும் தமக்குப் பெரிதல்ல என்று தீர்மானித்தார்.

1893இல் ஜப்பான் சென்றார். நோயுற்ற ஒரு மூதாட்டியுடன் பேசிக்கொண்டிருக்கையில், அம்மூதாட்டியின் கவனம் இவரது கையுறைகளுக்குத் திரும்பிவிட்டது. அதன்பின் அந்நாட்டு உடையையே அணிந்தார். மறுவருடம் எமது இலங்கையிலும் சில மாதங்கள் தங்கினார். 1895இல் இந்தியா சேர்ந்து, திருநெல்வேலிச் சீமையில் தமிழ் கற்றுச் சேலை உடுத்தார். வேடம் போடுவதற்கல்ல, தம் தோற்றம் எவருக்கும் தடையாகக்கூடாது என்பதற்காக.

1901இல் கோயிலுக்கு விடப்பட்டிருந்த ஒரு சிறுமி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவளைத் தொடர்ந்து பலர் வந்தனர். டோனாவூரில் அவர்களுக்கு வீடு எழுந்தது. ஊழியத்தின் வெற்றிகளை மட்டும் எழுதாமல் தோல்விகளையும் எழுதியதால், அவரது கையெழுத்துப் பிரதி உற்சாகம் தராது என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டது. உள்ளது உள்ளபடி என்று பொருள்படும் தலைப்புடன் அந்நூல் 1903இல் வெளிவந்தது. பக்தியின் பெயரால்கூட அலங்காரம் செய்ய அவர் உடன்படவில்லை.

1931இல் குழியில் விழுந்து காயமுற்று, ஏறத்தாழ இருபது வருடங்கள் படுக்கையறையிலேயே கழித்தார், அங்கிருந்தும் எழுதினார். 1951 ஜனவரி 18இல் மறைந்தார். பிள்ளைகள் அவருடைய கல்லறையில் பறவைகள் நீரருந்த ஒரு தொட்டி வைத்து, தாயை அழைக்கும் ஒரே சொல்லை அதில் பொறித்தனர்.

கல்முனைக் கரையில் ஒரே வாங்கிலிருந்து படித்த எமக்கு இது புதிதல்ல. முஸ்லிம் தோழியர் இதனை நிய்யத் என்பார்கள். நாங்கள் உள்ளத்தின் உண்மை என்போம். விழா மண்டபப் பலகையில் எம் பெயர்களைத் தேடும் இந்நாளில், எந்தப் பலகையிலும் இல்லாத, எமக்கு எழுத்தறிவித்த ஆசிரியைகளையும் ஒருகணம் நினைப்போம்.