அரசர் ஏந்திய உழவாரம்

வள்ளியூரிலே குன்றைக் குடைந்தமைத்த முருகன் கோயிலில், வைகறையில் அலகிடும் அடியார்களைக் காணுந்தோறும் எமக்குத் திருநாவுக்கரசு சுவாமிகள் சரிதம் நினைவுக்கு வரும். சரியை நான்கு பாதங்களுள் முதலதாகலின், அது சாத்திரம் ஓதாதார்க்கே உரியதென யாமும் இளமையிற் கருதியிருந்தோம். அக்கருத்துப் பிழையென்பதை அரசரது வாழ்வே எமக்கு உணர்த்திற்று.

திருவாமூரிற் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகவாய்த் தோன்றிய மருணீக்கியார், சமண நூல்களைத் துறைபோகக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரொடு தலைமையும் எய்தினார். சூலைநோய் வருத்தவே, திருவதிகையில் அலகும் மெழுக்கும் இட்டு வாழ்ந்த தமக்கையார் திலகவதியாரை அடைந்தார். கல்வியால் தீராத நோய், அவ்வம்மையார் அளித்த திருநீற்றோடு வீரட்டானேசர் திருமுன் சென்று பாடத் தீர்ந்தது. அன்று தொட்டு நாவாற் பதிகமும் கையால் உழவாரமும் அவர்க்குத் தொண்டாயின. நீற்றறையிலிட்டும், நஞ்சூட்டியும், களிறேவியும், கல்லிற் பிணித்துக் கடலிலிட்டும் வருத்திய பல்லவன் பின்னர்த் தானே சைவனாயினான். அரசரோ அவ்வெற்றியைப் பாராட்டாது, உழவாரத்தோடு தலந்தோறும் சென்றனர்.

திங்களூரில் அப்பூதியடிகள் தாம் அமைத்த தண்ணீர்ப்பந்தருக்குத் தாம் கண்டறியாத அரசரது பெயரையே இட்டிருந்தார். அவ்வழி வந்த அரசர், நும் பெயரை எழுதாமை என்னையென வினவினார். அடிகள் வெகுண்டபோது, சூலையால் ஆட்கொள்ளப்பட்ட எளியன் என்றே தம்மை அறிவித்தார். அறஞ்செய்தவர் தம் பெயரை வேண்டிலர். பெயர்க்குரியவர் அதனைத் தமதெனக் கொண்டிலர்.

திருவீழிமிழலையில் வற்கடம் வந்தபோது, அடியார்க்கு அமுதளித்தற்கு இறைவன் சம்பந்தப் பெருமானுக்கும் அரசருக்கும் நாடோறும் படிக்காசு அருளினான். பிள்ளையார் பெற்ற காசு வாசியுடையதாயிற்று. அரசர் பெற்றது வாசியற்றதாயிற்று. கைத்தொண்டின் ஏற்றமே இதற்குக் காரணமெனச் சேக்கிழார் பெருமான் தெரிவித்தருளினார்.

திருப்புகலூரில் நிகழ்ந்தது இதனினும் அரியது. உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் விளங்கின. அரசர் அவற்றைப் பருக்கைக் கல்லோடு ஒப்பவே உழவாரத்தில் ஏந்தி வாவியில் எறிந்தார். வானர மகளிர் வந்து ஆடியும் அவர் சிந்தை திரிந்திலது. நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒப்ப நோக்கும் இருவினையொப்பென நம் நூல்கள் கூறுவதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு யாதுளது?

பயன் கருதாது வினை செய்க என்பது கீதை நூற்கும் உடன்பாடே. சிவஞான போதத்துப் பத்தாம் நூற்பா, இறைவனோடு ஏகனாகி அவன் பணியில் வழுவாது நிற்றலை விதித்தது. பயனை விட்டவன்பாலும் யான் விட்டேன் என்னும் முனைப்பு எஞ்சுதல் கூடும். அம்முனைப்பும் இறைபணியிற் கரைந்தவழியே மலமும் மாயையும் வினையும் தாக்கா. ஆகலின் அரசர் ஞானம் கைவந்த பின்னரும் உழவாரத்தைக் கைவிட்டிலர். எண்பத்தோராண்டு வாழ்ந்து, சித்திரைச் சதயத்தில், அப்புகலூரிலேயே இறைவன் திருவடி எய்தினார்.

தாமிரபரணி பாயும் விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்த சிவஞான முனிவரது மாபாடியத்தை ஓதி முடித்தோரும், திருக்கோயிலில் ஒருநாளேனும் அலகெடுத்துப் பெருக்குவாராக. சாத்திரம் நம் உள்ளத்திற் படிந்ததோ, நாவளவில் நின்றதோ என்பதை அவ்வலகு காட்டிவிடும். யாமும் முதுமையில் அதனைக் கைக்கொண்டுள்ளோம்.

திருச்சிற்றம்பலம்.