கத்தி, ஃபோர்க் பிடிக்கவே தடுமாறிய கை... இரவில் விமானம் ஓட்ட அனுமதி கிடைத்தது எப்படி? ரிச்சர்ட் ஹிலாரியின் கதை

1943 ஜனவரி 8. இன்னும் விடியவில்லை. ஸ்காட்லாந்தின் சார்ட்டர்ஹால் பயிற்சித் தளத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளென்ஹைம் விமானம் தரையில் மோதி நொறுங்கியது. எதிரி யாரும் சுடவில்லை, அது வெறும் ட்ரெய்னிங். உள்ளே இருந்த இரண்டு பேருமே இறந்துவிட்டார்கள்.

ஓட்டியவர் ரிச்சர்ட் ஹிலாரி, வயது 23. அதற்கு முந்தைய வருடம்தான் 'தி லாஸ்ட் எனிமி' என்ற அவருடைய போர் அனுபவப் புத்தகம் வெளியாகி பிரிட்டனில் பெரிதாகப் பேசப்பட்டது.

யார் இவர்?

1919-ல் சிட்னியில் பிறந்தவர். அப்பா ஆஸ்திரேலிய அரசு அதிகாரி. அவருடைய வேலைக்காகக் குடும்பம் லண்டனுக்கு மாறியது. ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்த ஹிலாரிக்குப் படிப்பைவிட படகுப் போட்டியில்தான் உயிர். 1938-ல் ஜெர்மனிக்கே போய் ஒரு போட்டியில் ஜெயித்து கோப்பை வாங்கி வந்தது அவருடைய அணி. அந்தக் கோப்பை யார் பெயரில் தெரியுமா? ஜெர்மன் விமானப்படைத் தலைவர் ஹெர்மன் கோரிங் பெயரில்!

இரண்டே வருடத்தில் அதே கோரிங்கின் விமானப்படை ஹிலாரியைச் சுட்டு வீழ்த்தியது.

1940 செப்டம்பர் 3. ஸ்பிட்ஃபயரின் பெட்ரோல் டேங்க் பைலட்டுக்கு நேர் முன்னால் இருக்கும். குண்டு பட்டதும் காக்பிட் முழுக்க தீ. மேல்மூடி சிக்கிக்கொண்டு திறக்கவில்லை. எப்படியோ வெளியே விழுந்து, பாராசூட்டில் கடலில் இறங்கி, மிதந்து கிடந்தவரை மார்கேட் ஊரின் உயிர்காப்புப் படகு மீட்டது. ஆனால் முகமும் இரண்டு கைகளும் வெந்துபோயிருந்தன.

அந்தக் காலத்தில் தீக்காயத்துக்கு டானிக் ஆசிட் பூசுவார்கள். அது தோல்மேல் ஓடு மாதிரி இறுகிவிடும். ஹிலாரியின் விரல்களுக்கும் அதுதான் நடந்தது. பிறகு ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற நியூசிலாந்து சர்ஜன் அவரைக் கையில் எடுத்தார். கடலில் விழுந்த பைலட்டுகளுக்குக் காயம் நன்றாக ஆறுவதைக் கவனித்து, உப்புநீர்க் குளியலைச் சிகிச்சையாக்கியவர் இவர். ஹிலாரிக்குப் புது இமைகள், புது மேலுதடு வைத்தார். விரல்கள் மட்டும் பழையபடி வரவே இல்லை.

1941-ல் பிரச்சாரத்துக்காக அமெரிக்கா போனார். அந்த முகத்தைப் பார்த்தால் அமெரிக்கத் தாய்மார்கள் பயந்துவிடுவார்கள் என்று பிரிட்டிஷ் தூதரகம் மேடை ஏற விடவில்லை. பெயர் சொல்லாமல் ரேடியோவில் பேசினால் போதுமாம். அங்கே அவரைக் காதலித்தவர் ஹாலிவுட் நட்சத்திரம் மெர்ல் ஓபரான். மும்பையில் பிறந்து, கொல்கத்தாவில் வளர்ந்து, இந்திய வேர்களைக் கடைசிவரை மறைத்தே வாழ்ந்தவர்.

யாருமே தடுக்கவில்லையா?

அதிகாரிகள் மேஜை வேலை கொடுத்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. கூடப் பறந்த நண்பர்கள் பலர் செத்துப்போன பிறகு, தான் மட்டும் ஃபைல் பார்த்துக்கொண்டிருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. மறுபடி பறந்தே தீருவேன் என்று நச்சரித்தார். மெக்கிண்டோவுக்கு அதில் சம்மதமே இல்லை. சாப்பாட்டு மேஜையில் அவர் கத்தி, ஃபோர்க் பிடிக்கத் திணறுவதைச் சக அதிகாரிகள் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் மெடிக்கல் போர்டு பாஸ் போட்டது. புகழ்பெற்ற ஒரு வீரரிடம் முடியாது என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1942 நவம்பரில் சார்ட்டர்ஹாலுக்குப் போனார். இரவுநேரச் சண்டைக்கு ஆட்களைத் தயார் செய்யும் இடம் அது. அடிக்கடி நடந்த விபத்துகளால் 'ஸ்லாட்டர்ஹால்', அதாவது கசாப்புக்கூடம், என்றே அதற்குப் பட்டப்பெயர். பிளென்ஹைம் இரட்டை எஞ்சின் விமானம், வேறு பழசு. அதன் சில லிவர்களை இழுக்கவே அவருடைய விரல்களுக்குப் பலம் போதவில்லை.

அன்று இரவு தரையில் இருந்த ஒரு விளக்கைச் சுற்றிப் பறக்கச் சொன்னார்கள். சுற்றிக்கொண்டிருந்த விமானம் திடீரென்று கட்டுப்பாடு இழந்து விழுந்தது. இறக்கையில் ஐஸ் படிந்ததா, கை ஒத்துழைக்கவில்லையா? இன்றுவரை இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. இன்னொரு சாத்தியமும் உண்டு. இருட்டிலும் மேகத்திலும் திரும்பிக்கொண்டே இருந்தால், விமானம் சாய்ந்திருப்பதையே உள்காது உணராது. நேராகத்தான் போகிறோம் என்று உடம்பு நம்பிவிடும். இரண்டு கையும் சரியாக இருக்கும் பைலட்டுகளே இப்படி விழுந்திருக்கிறார்கள்.

இந்த மாதிரி சாவுகள் அன்று அபூர்வம் இல்லை. பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் பிரிவு மட்டுமே அந்தப் போரில் பயிற்சியில் 5,000 பேருக்கு மேல் இழந்தது.

ஹிலாரிக்காவது பறப்பது அவரே கேட்டு வாங்கிய ஆபத்து. பின்னால் ரேடியோவைக் கவனித்துக்கொண்டிருந்த வில்ஃப்ரட் ஃபைசன் என்ன கேட்டார்? அந்தக் கைகளை நம்பி ஏற வேண்டியது அவருடைய டியூட்டி, அவ்வளவுதான்.

ஹிலாரியின் அஸ்தியை ஒரு விமானத்தில் எடுத்துப்போய் ஆங்கிலக் கால்வாயில் தூவினார்கள். புத்தகம் இன்றும் அச்சில் வருகிறது. பல வருடம் கழித்து சார்ட்டர்ஹாலில் ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள். அதில் ஹிலாரி பெயரோடு ஃபைசன் பெயரும் இருக்கிறது.