மூன்று அணாவுக்குக் கணக்குக் கேட்ட லோகியா

தில்லியில் வாழும் தமிழர்களில் ஆர்.எம்.எல். ஆஸ்பத்திரியை அறியாதவர் அநேகமாக இருக்க முடியாது. அரசாங்க உத்தியோகஸ்தரும் போவார், கூலி வேலை செய்பவரும் போவார். அந்த மூன்று எழுத்துகளுக்கு உரியவர் டாக்டர் ராம் மனோகர் லோகியா. அவர் வைத்தியம் படித்த டாக்டர் அல்ல. பொருளாதாரத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். வில்லிங்டன் ஆஸ்பத்திரி என்ற பெயரில் இருந்த அதே இடத்தில்தான் 1967 அக்டோபர் 12ந் தேதி அவர் உயிர் பிரிந்தது.

ஆங்கிலத்தை ஒழிக்கக் கிளம்பியவர் என்பதே தமிழர்களில் பலர் அவரைப் பற்றி அறிந்த செய்தி. அது உண்மைதான். ஆனால் தமிழர்கள் மீது குண்டு பாய்ந்தபோது, சொந்தக் கட்சியின் மந்திரிசபையையே விலகச் சொன்னவரும் அவர்தான். அதனால் பதவியையும் கட்சியையும் இழந்தார். இந்தச் செய்தி நம்மவர்களுக்கே அதிகம் தெரியாது.

உப்பு வரியும் ஜெர்மன் மொழியும்

லோகியா 1910 மார்ச் 23ந் தேதி உத்தரப் பிரதேசத்தில் பைசாபாத் ஜில்லா அக்பர்பூரில் பிறந்தார். தந்தை ஹீராலால் தேச பக்தர். தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். பம்பாய், காசி, கல்கத்தா ஆகிய இடங்களில் படித்து, மேற்படிப்புக்கு ஜெர்மனி சென்றார்.

பெர்லினில் ஒரு சங்கடம் காத்திருந்தது. அவர் நாடிச் சென்ற பேராசிரியருக்கு ஆங்கிலம் தெரியாது. மாணவர் திரும்பி வந்து, சில மாதங்களில் ஜெர்மன் மொழியைக் கற்றுக்கொண்டு, மறுபடியும் பேராசிரியர் முன் போய் நின்றார். ஆங்கிலம் இல்லாமலே உயர்ந்த கல்வி நடக்க முடியும் என்ற எண்ணம் அவருக்கு அங்கே வேரூன்றியிருக்க வேண்டும். அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் இந்தியாவின் உப்பு வரி. ஏழையின் கஞ்சியில் விழும் உப்புக்கு அரசு விதித்த வரியைக் கணக்குப் பார்ப்பதில் அவருடைய படிப்பு முடிந்தது. ஏழையின் செலவைக் கணக்குப் பார்க்கும் அந்தப் பழக்கம் கடைசி வரை விடவில்லை.

சிறையும் மாம்பழக் கூடையும்

1933ல் நாடு திரும்பினார். மறு ஆண்டு காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1936ல் காங்கிரஸ் தலைவராக இருந்த நேரு, கட்சியின் வெளிநாட்டு இலாகாவை இந்த 26 வயது இளைஞரிடம் ஒப்படைத்தார்.

1942 ஆகஸ்ட் போராட்டத்தில் லோகியா தலைமறைவானார். பம்பாயிலிருந்து ரகசியமாக இயங்கிய காங்கிரஸ் ரேடியோவுக்குப் பக்கபலமாக இருந்தார். 1944ல் பிடிபட்டு லாகூர் கோட்டையில் அடைக்கப்பட்டார். அங்கே உறங்கவிடாமலும் விலங்கிட்டும் வதைத்தார்கள். 1946ல் விடுதலை ஆனதும் ஓய்வுக்காகக் கோவா போனார். அங்கும் சும்மா இருக்கவில்லை. ஜூன் 18ந் தேதி மட்காவ் நகரில் தடையை மீறிப் பேசிப் போர்ச்சுகீசியரிடம் கைதானார்.

சுதந்திரம் வந்த பிறகும் சிறை அவரை விடவில்லை. 1949ல் தில்லியில் நேபாள தூதரகத்தின் முன் ஆர்ப்பாட்டம் நடத்தி ஜெயிலுக்குப் போனார். அப்போது பிரதமர் நேரு அவருக்குச் சிறைக்கே ஒரு கூடை மாம்பழம் அனுப்பினார். அரசாங்கம் கைது செய்த ஆளுக்குப் பிரதமர் பழம் அனுப்புவதா என்று படேல் வருத்தப்பட்டதாகச் சொல்வார்கள். நேருவுக்கும் லோகியாவுக்கும் இருந்த உறவு அப்படிப்பட்டது. பாசம் இருந்தது, ஆனால் பாசத்துக்காக லோகியா தம் வாயைக் கட்டிக்கொள்ளவில்லை.

மார்த்தாண்டத்தில் பாய்ந்த குண்டு

1954ல் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை முதலமைச்சர் ஆனார். சட்டசபையில் அவர் கட்சிக்குப் பெரும்பான்மை கிடையாது. காங்கிரஸ் ஆதரவில் மந்திரிசபை நடந்தது. சோஷலிஸ்டுகள் இந்தியாவில் பிடித்து வைத்திருந்த ஆட்சி அது ஒன்றுதான். லோகியா அந்தக் கட்சியின் பொதுச் செயலாளர்.

அப்போது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்துடன் சேர்க்க வேண்டுமென்று பெரும் கிளர்ச்சி நடந்தது. மார்ஷல் நேசமணி அதன் தலைவர். 1954 ஆகஸ்ட் 11ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டார்கள். தமிழர்கள் செத்து விழுந்தார்கள்.

அந்த நேரத்தில் லோகியா அலகாபாத் அருகே நைனி ஜெயிலில் இருந்தார். உத்தரப் பிரதேசத்தில் கால்வாய் நீர் வரியை எதிர்த்ததற்காகக் கைதானவர். சிறையிலிருந்தே தந்தி கொடுத்தார். மந்திரிசபை ராஜினாமா செய்ய வேண்டும், துப்பாக்கிச் சூடு பற்றி விசாரணை நடக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. ஆயுதமில்லாத ஜனங்களைச் சுடும் உரிமை சுதந்திர நாட்டில் எந்த ஆட்சிக்கும் இல்லை. காங்கிரஸ் சுட்டால் குற்றம், நாம் சுட்டால் நியாயம் என்று சோஷலிஸ்ட் சொல்லக் கூடாது என்பது அவர் வாதம்.

கட்சியின் பெரிய தலைவர்கள் இணங்கவில்லை. கையிலிருந்த ஒரே ஆட்சியை விட யாருக்குத்தான் மனம் வரும்? லோகியா பொதுச் செயலாளர் பதவியை விட்டார். 1955ல் கட்சியிலிருந்தே வெளியேற்றப்பட்டு, ஹைதராபாத்தில் தனியாகச் சோஷலிஸ்ட் கட்சி அமைத்தார். அந்தத் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1ந் தேதி தாய்த் தமிழகத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. உயிர் கொடுத்தவர்களை அம்மாவட்டம் தியாகிகளாகப் போற்றுகிறது. அவர்களுக்காக ஒரு வடநாட்டுத் தலைவர் தம் அரசியல் வாழ்வையே பணயம் வைத்ததையும் சேர்த்து நினைப்பது நியாயம்.

மலையோடு மோதல்

1962 பொதுத் தேர்தலில் லோகியா வேண்டுமென்றே கடினமான தொகுதியைத் தேர்ந்தெடுத்தார். அலகாபாத்தை அடுத்த பூல்பூரில் நேருவை எதிர்த்து நின்றார். ஜெயிக்க முடியாது என்று அவருக்கே தெரியும். மலையை உடைக்க முடியாவிட்டாலும் ஒரு விரிசலாவது விழட்டும் என்பது அவர் நினைப்பு. நேருவுக்குச் சுமார் 1,18,000 வோட்டு. லோகியாவுக்குச் சுமார் 54,000.

மறு ஆண்டு பரூக்காபாத் இடைத் தேர்தலில் ஜெயித்து, 53ஆம் வயதில் முதல் தடவையாக லோக் சபையில் அடி வைத்தார். அதே சமயத்தில் அம்ரோகாவில் ஆச்சார்ய கிருபளானியும், ராஜ்கோட்டில் மினு மசானியும் வென்றார்கள். காங்கிரஸைக் கலங்க வைத்த தோல்விகள் இவை. மூத்த மந்திரிகள் பதவி விலகிக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்று நம் காமராஜர் கொண்டுவந்த திட்டத்துக்கு இந்தத் தோல்விகளும் ஒரு காரணம்.

27 கோடிப் பேரின் கணக்கு

1963 ஆகஸ்டில் நேரு மந்திரிசபை மீது முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் கிருபளானி. வோட்டெடுப்பில் ஆதரவு 62, எதிர்ப்பு 347. தீர்மானம் தோற்றது, லோகியா கிளப்பிய கேள்வி மட்டும் நின்றுவிட்டது.

நாட்டு ஜனங்களில் 100க்கு 60 பேர், அதாவது 27 கோடிப் பேர், நாளொன்றுக்கு மூன்று அணாவில் காலம் தள்ளுகிறார்கள் என்றார் லோகியா. பிரதமர் ஒருவருக்காக அரசாங்கம் தினமும் 25,000 ரூபாய் செலவிடுகிறது என்றும் குற்றம் சாட்டினார். மூன்று அணா என்றால் புதுக் காசில் 19 பைசாகூட இல்லை. 25,000 ரூபாய்க்கு நான்கு லட்சம் அணா. லோகியா சொன்ன கணக்கின்படி, அது 1,33,000 ஏழைகளின் ஒரு நாள் ஜீவனம்.

நேரு மறுத்தார். திட்டக் கமிஷன் கணக்குப்படி சராசரி 15 அணா என்றார். லோகியா விடவில்லை. பணக்காரன் வருமானத்தையும் பிச்சைக்காரன் வருமானத்தையும் கூட்டி வகுத்தால் வரும் சராசரியால் யார் வயிறு நிறையும் என்பது அவர் வாதம். திட்ட மந்திரி நந்தா சொன்ன கணக்கு ஏழரை அணா. மூன்றா, ஏழரையா, பதினைந்தா என்பதில் இன்றும் அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் நாட்டு வருமானத்தைப் பற்றியே பேசிவந்த சபை, அடித்தட்டு மனிதன் ஒருவனின் அன்றாடச் செலவைப் பற்றி நாள் கணக்கில் வாதாட நேர்ந்தது லோகியாவால்தான்.

நான்கு தூண் ராஜ்யம்

குறை கூறுவதோடு அவர் நிற்கவில்லை. அரசாங்கத்தை எப்படி மாற்றுவது என்பதற்கும் திட்டம் வைத்திருந்தார். தில்லி, மாநிலத் தலைநகரம் என்ற இரண்டு தூண்கள் மீது மட்டும் ராஜ்யம் நிற்கக் கூடாது. ஜில்லாவும் கிராமமும் சேர்ந்து நான்கு தூண்கள் வேண்டும். வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன கலெக்டர் பதவி ஒழிய வேண்டும். அரசாங்கச் செலவில் நாலில் ஒரு பங்கு பஞ்சாயத்துகள் வழியாக நடக்க வேண்டும். ஆலைச் சரக்கின் விலை அடக்க விலையைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது. தனி மனிதர் செலவுக்கும் உச்சவரம்பு வேண்டும். மந்திரி பிள்ளையும் தோட்டி பிள்ளையும் ஒரே ஆரம்பப் பள்ளியில் உட்கார வேண்டும். பிற்பட்டோர், ஹரிஜனங்கள், ஆதிவாசிகள், பெண்கள் ஆகியோருக்கு 100க்கு 60 இடம் தர வேண்டும்.

ஜாதி போலவே நிற வெறியையும் அவர் பொறுக்கவில்லை. 1964ல் அமெரிக்கா சென்றபோது, மிசிசிப்பி ராஜ்யத்தில் ஜாக்சன் நகரில் வெள்ளையருக்கு மட்டுமான ஓட்டலில் நுழைந்து கைதானார். அமெரிக்க அரசாங்கம் வருத்தம் தெரிவித்தது.

மொழிப் பிரச்னை

தமிழர்கள் அவரிடமிருந்து விலகி நின்றது மொழியால்தான். ஆங்கிலம் தெரிந்த சிறு கூட்டம் கோடிக்கணக்கான ஜனங்களை ஆள்கிறது, கோர்ட்டிலும் ஆபீஸிலும் ஏழைக்குப் புரியாத பாஷையில் அவன் தலைவிதி எழுதப்படுகிறது என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆங்கிலம் போன இடத்தில் ஹிந்தி வந்து உட்கார்ந்தால் நம் பிள்ளைகளின் உத்தியோகம் என்னாகும் என்ற கேள்வி தமிழருக்கு இருந்தது. அந்தப் பயமும் நியாயமானதே. ஹிந்தி பேசாதவர்களுக்கு மத்திய அரசின் உயர்ந்த பதவிகளைச் சில காலம் ஒதுக்கி வைக்கலாம் என்று அவர் பரிகாரம் சொன்னார். தமிழகம் அதை நம்பத் தயாராக இல்லை. 1965ல் மாணவர்கள் நடத்திய போராட்டம் அதற்குச் சாட்சி. சுட்ட போலீசைக் கண்டிப்பதில் தெற்கைப் புரிந்துகொண்டவர், மொழி விஷயத்தில் தெற்கின் அச்சத்தை முழுமையாகப் புரிந்துகொள்ளவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கடைசி ஆண்டு

காங்கிரஸ் அல்லாத கட்சிகள் ஒன்று சேர்ந்தால்தான் ஆட்சி மாறும் என்று லோகியா சொல்லிவந்தது 1967ல் பலித்தது. பல மாநிலங்களில் காங்கிரஸ் தோற்றது. அவரும் கன்னௌஜ் தொகுதியில் ஐந்நூறுக்கும் குறைந்த வோட்டு வித்தியாசத்தில் மயிரிழையில் ஜெயித்தார்.

ஆனால் ஆட்சி கையில் வந்ததும் பழைய சோதனை திரும்பி வந்தது. பீகாரில் அவர் கட்சியைச் சேர்ந்த பி.பி. மண்டல் லோக் சபைக்குத் தேர்வானவர். இருந்தும் மாநிலத்தில் மந்திரியாகிவிட்டார். ஜனங்கள் ஒரு சபைக்கு அனுப்ப, இன்னொரு சபையில் பதவி தேடுவது முறையல்ல என்று லோகியா பிடிவாதமாக நின்றார். மண்டல் பிரிந்து போனார். 1968 ஜனவரியில் அந்த மந்திரிசபையே கவிழ்ந்தது. பிற்பட்டோருக்கு 60 இடம் கேட்டவர் லோகியா. பின்னாளில் பிற்பட்டோர் கமிஷனுக்குத் தலைமை தாங்கிப் புகழ் பெற்றவர் அதே மண்டல். காலத்தின் விளையாட்டு இது.

மந்திரிசபை கவிழ்ந்ததைப் பார்க்க லோகியா இல்லை. 1967 செப்டம்பர் 30ந் தேதி அவருக்கு ஆபரேஷன் நடந்தது. பன்னிரண்டு நாட்கள் போராடி, 57ஆம் வயதில் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொத்து சேர்க்கவில்லை.

அவருடைய நாக்கு கடுமையானது. கட்சிகளைக் கட்டியதைப் போலவே உடைக்கவும் செய்தார் என்ற பழியும் உண்டு. நான்கு தூண்களில் கிராமமும் ஜில்லாவும் 1992ல் அரசியல் சட்டத் திருத்தத்தால் ஓரளவு நிமிர்ந்தன. கலெக்டர் பதவி அப்படியே இருக்கிறது. எதிரி ஆட்சியிடம் கணக்குக் கேட்கும் தலைவர்கள் எக்காலத்திலும் உண்டு. தன் கட்சி ஆட்சியிடமும் அதே கணக்கைக் கேட்டு, அதற்குரிய விலையையும் கொடுத்தவர்கள் மிகச் சிலர். லோகியா அந்தச் சிலரில் ஒருவர்.